மேல்மாடி வயலினும் கீழ்மாடி வயலினும் நடுவில் நானும்

ரூஸே,
மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை

பேரன்புக்குரிய அக்கா ராட்காவுக்கு,

தம்பி பிளகோய் பணிவுடன் எழுதுவது. நீயும் உன் மகன் ஸ்லாவியும் உன் இரண்டு மூட்டுகளும் சுகமென நம்புகிறேன். நானும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன், இல்லாத தீவை வரைபடத்தில் வரையக் கூடாது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி ஸ்டன்கா காலமானதிலிருந்து ஞாயிறுதோறும் நீ தொலைபேசியில், "வார்னாவுக்கு வந்துடுடா, பின்னறை சும்மாதானே கிடக்கு" என்பாய். கடல்காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பேன் நான். இப்போது ஒத்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. வருகிற சனிக்கிழமை ஸ்லாவியை வண்டியோடு அனுப்பு. காரணம் கேட்பாய். காரணம், வயலின்.

எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் இலையுதிர்காலத்தில் நின்றுபோனது உனக்குத் தெரியும். ஏதோ ஒரு பாகம் சோபியாவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அது நடந்து வருகிறது போலும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நான் இருப்பது ஐந்தாம் மாடி. எனக்கு நேர் மேலே ஆறாம் மாடியில் சாவா ககலோவ், நேர் கீழே நான்காம் மாடியில் நெவெனா. இருவருக்கும் எண்பது நெருங்குகிறது. ஓபரா வாத்தியக் குழுவில் பல வருடம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகும், இரண்டு வயலினுக்கென்றே எழுதப்பட்ட பழைய செவ்வியல் இசையை மாலைதோறும் நெவெனா வீட்டில் சேர்ந்து வாசித்துவந்தார்கள். அப்போதெல்லாம் கீழேயிருந்து கொசு ரீங்காரம்போல ஏதோ கேட்கும், நான் பொருட்படுத்தியதில்லை. லிஃப்ட் நின்றதும் அந்தச் சேர்க்கை நின்றது. சாவாவுக்கு முழங்கால் போய்விட்டது, நெவெனாவுக்கு இடுப்பில் அறுவை. இரண்டு மாடிப் படிக்கட்டு இருவருக்கும் இமயமலை. தொலைபேசியில் வாசித்துப் பார்த்தார்களாம், சரிவரவில்லை. பிறகு ஒரு நாள் சாவா கோபத்தில் வீடுகளைச் சூடாக்க மாடிக்கு மாடி ஓடும் வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டப்போக, கீழேயிருந்து நெவெனா பதிலுக்குத் தட்டியிருக்கிறார். அன்றிலிருந்து தினம் மாலை நான்கு மணிக்குக் குழாயில் மூன்று தட்டு, உடனே மேலே ஒருவர், கீழே ஒருவர், ஒருவருக்கு ஒருவர் கேட்க வேண்டுமே என்று முழுப் பலத்தோடு வில்லை இழுக்க, நடுவில் நான், என் மதியத் தூக்கம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்பில் ஆறுகளையும் மலைகளையும் காட்டிய அந்த நீளக் கோலை எடுத்துக் கூரையில் தட்டினேன். சாவா அதை நெவெனா அனுப்பிய தாளம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார். பதறிப்போய்த் தரையில் தட்டினேன். தான் பின்தங்கிவிட்டதாக நினைத்து நெவெனாவும் கூட்டினார். இரண்டு வயலினும் நாய் துரத்தின கோழிகள்போல ஓடின. பொறுக்கமாட்டாமல் மேல்மாடி ஏறி, புகார் சொல்வதற்காகக் கதவைத் தட்டினேன். மனிதர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, உங்க வீட்ல ரெண்டும் கேக்குதா? அவ வாசிக்கிறதும்? நான் வாசிக்கிறதும்?"

"கேக்குது. அதைச் சொல்லத்தான் வந்தேன். மனுஷன் தூங்க…"

"அப்படின்னா நீங்கதான் சொல்லணும். யார் முந்துறது, யார் பிந்துறது? எங்களுக்குத் தெரியமாட்டேங்குது."

எனக்கு இசை தெரியாது அக்கா. ஆனால் பரீட்சை அறையில் யார் முதலில் பேனாவை மூடுகிறான் என்று பார்த்துப் பழகியவன். "நீங்கதான் முந்துறீங்க" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. ரெண்டாம் வயலின்னா பின்னாடி வரலாம், அதுக்காக மறுநாள் வரக்கூடாது."

ஆசிரியனாக இருந்தவன், சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தேன். நெவெனா தடியை ஊன்றி எழுந்தே விட்டார்.

"அவர் ரயிலைப் பிடிக்கிற மாதிரில்ல வாசிக்கிறாரு. தானா ஓடிப்போய் ஸ்டேஷன்ல உக்காந்துகிட்டு, ஏன்டி லேட்டுன்னு என்னைக் கேக்கிறாரு. போய்ச் சொல்லுங்க வாத்தியாரே, அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். ஒரு வாரம் இப்படி ஏறி இறங்கியதில் என் மூச்சு சீரானது; அவர்கள் உறவு முறிந்தது. குழாய் தட்டும் சத்தம் நின்றுபோயிற்று. ஆகா, தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை. நான்கு மணிக்கு எழுந்து ஜன்னலோரம் நின்றேன், தேநீர் போட்டேன், குடிக்காமல் ஊற்றினேன். உனக்குச் சொல்லியிருக்கிறேன், என் வீட்டில் பேசுகிற ஒரே குரல் வானொலியில் டான்யூப் ஆற்றின் நீர்மட்டம் வாசிக்கிற பெண்ணின் குரல்தான் என்று. அவள் லோம் ஊரில் இத்தனை, ஸ்விஷ்தோவில் இத்தனை என்று வாசித்து முடித்ததும் வீட்டில் ஒரு அமைதி இறங்கும் பார், அதை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது. நான்காவது நாள் நான் பொய் சொன்னேன். கீழே போய், சாவா மன்னிப்புக் கேட்டார் என்றேன்.

"சாவாவா? மன்னிப்பா?" என்றார் நெவெனா. "காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா அவருக்கு?"

மேலே போய், நெவெனா மன்னிப்புக் கேட்டார் என்றேன். சாவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "பாவம், வயசாயிடுச்சு அவளுக்கு" என்றார். அன்று மாலையே குழாயில் மூன்று தட்டு. நான் படுக்கவில்லை. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். மேலேயிருந்து ஒன்று இறங்கி வருகிறது, கீழேயிருந்து ஒன்று ஏறி வருகிறது, என் மேசைக்குச் சற்று மேலே எங்கேயோ இரண்டும் சந்திக்கின்றன. அவர்கள் இருவர் வீட்டிலும் மற்றவரின் சத்தம் மங்கலாகத்தான் கேட்கும். அது சேர்ந்து ஒன்றாகிற இடம் உலகத்தில் என் வீடு ஒன்றுதான் அக்கா.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மாடிப்படி கூட்டுகிற முறை யாருடையது என்று சண்டை போட வந்த மூன்றாம் மாடி பாவ்லினா, இரண்டு வயலினையும் கேட்டதும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் மெல்லிய மாவுத்தாளில் பூசணி வைத்துச் சுருட்டிச் சுட்ட பனிட்சாவோடு வந்தாள். அடுத்த நாள் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய டோப்ரியை அழைத்து வந்தாள். அவனுக்கு ஒரு காது கேட்காது; கேட்கிற காதை வெந்நீர்க் குழாயில் ஒட்டிவைத்துக்கொண்டான். பிறகு அவரவர் நாற்காலியோடு வரத் தொடங்கினார்கள். ஸ்டன்காவின் காரியத்துக்குப் பிறகு என் வீட்டில் இத்தனை செருப்புகளை நான் பார்த்ததில்லை. மெதுவான பகுதி வந்தபோது டோப்ரி அழுதான். "என்னய்யா இது?" என்று கேட்டேன். "பனிட்சால வெங்காயம்" என்றான். "நான் பூசணிதான்யா வச்சேன்" என்றாள் பாவ்லினா. யாரும் சிரிக்கவில்லை.

முதல் சிக்கல், எங்கே பார்ப்பது என்பது. மேடை இல்லையே! பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். பாவ்லினா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது சிக்கல், கைதட்டல். தட்டினால் கலைஞர்களுக்குக் கேட்காது. கேட்காத கைதட்டலுக்கு என்ன மரியாதை? ஆகவே சாவாவுக்குக் கோலால் கூரையில் தட்டுவது, நெவெனாவுக்கு எல்லோரும் தரையில் காலை உதைப்பது என்று ஒருமனதாக முடிவு செய்தோம். மறுநாள் காலை சாவா என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு நாலே நாலு தட்டு. கீழ அவளுக்குப் பட்டாளமே குதிச்ச மாதிரி சத்தம். என்ன நியாயம் இது வாத்தியாரே?"

கீழே நெவெனா அதற்கு மேல். "உங்க பாராட்டுல கூரைக் காரை பேந்து என் பீன்ஸ் சூப்ல விழுந்துடுச்சு. இன்னும் ரெண்டு நாள் நல்லா வாசிச்சா என் தலையிலயே விழும்."

இப்படித்தான் குளிர்காலம் போனது. போனதே தெரியவில்லை.

பிறகு லிஃப்ட் சரியாகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், மூடன். அதே வாரம் எங்கள் வட்டாரத்து மன்றத்தில் இருவருக்கும் கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். நான் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ரோமத் தொப்பியோடு ஒரு பெண்மணி. தொப்பிக்கு இடப்பக்கம் சாவா, வலப்பக்கம் நெவெனா. என் வீட்டில் கேட்டபோது எவ்வளவு பெரியவர்களாக இருந்தார்கள்! அந்த மேடையில் பார்த்தால் இரண்டு சின்னஞ்சிறு கிழவர்கள். நன்றாகத்தான் வாசித்தார்கள். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. பூங்கொத்து கொடுத்தார்கள். முடிந்ததும் போய்ப் பேசலாமென்று நின்றேன். அவர்களைச் சுற்றி ஒரே கூட்டம். சாவா தலைகளுக்கு மேலாகக் கையை ஆட்டினார், கப்பலில் போகிறவர் கரையில் நிற்பவனுக்கு ஆட்டுவதுபோல. வீட்டுக்கு வந்து, லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் போனேன். ஏன் என்று கேட்காதே.

அன்றிலிருந்து அவர்களுக்குப் பயிற்சியும் மன்றத்தில்தான். மாலை நான்கு மணிக்கு மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை. பாவ்லினாவும் மற்றவர்களும் மன்றத்துக்குப் போகிறார்கள். அங்கே நாற்காலி தூக்க வேண்டாமே. நேற்று நான் கோலை எடுத்துக் கூரையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். காரைதான் உதிர்ந்தது. பிறகு வானொலியில் அந்தப் பெண் நீர்மட்டம் வாசித்து முடித்ததும், நான் வாய்விட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றேன். என் குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன். உடனே கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பெட்டியை எடுத்துச் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

ஆகவே அக்கா, பின்னறையைக் கூட்டிவை. நான் அதிகம் சாப்பிட மாட்டேன், குறட்டை மட்டும் கொஞ்சம் உண்டு. உன் மூட்டுகளில் வலி குறையவும், ஸ்லாவிக்கு ஒரு நல்ல பெண் அமையவும், உங்கள் வீட்டு அடுப்பு என்றும் அணையாதிருக்கவும் வேண்டி,

உன் அன்புத் தம்பி,
பிளகோய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் அழைப்புமணி அடித்தது. வாசலில், லிஃப்டில் வந்திறங்கிய சாவாவும் நெவெனாவும், ஆளுக்கொரு வயலின் பெட்டியோடு, வீட்டுச் செருப்போடு. ஒருவர் ஒரு மாடி இறங்கி, ஒருவர் ஒரு மாடி ஏறி வந்திருக்கிறார்கள். என்னம்மா ஆச்சு என்றேன்.

"மன்றத்துல எல்லாரும் தட்டறாங்க வாத்தியாரே" என்றார் சாவா. "நேத்து நான் நடுவுல ஒரு பக்கத்தையே விட்டுட்டேன். அதுக்கும் எழுந்து நின்னு தட்டறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"இந்த வயசுல வில்லைப் பிடிச்சு நிக்கிறாங்களேன்னு தட்டறாங்க" என்றார் நெவெனா. "அது கைதட்டல் இல்ல, பரிதாபம். மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். நான் அவர் வீட்டுக்குப் போனா அவருக்குத் தலைக்கனம் ஏறிடும். அவர் என் வீட்டுக்கு வந்தா நான் காப்பி போடணும். அதனால இனிமே இங்கதான்."

மன்னிப்பு விஷயம் பொய் என்பதும் தெரிந்துவிட்டது. இருவரும் ஒரே குரலில் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் இவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்து நான் கேட்டதே இல்லை.

ஆகவே சனிக்கிழமை ஸ்லாவி வர வேண்டாம். கடல்காற்று எனக்கு எப்போதுமே ஒத்துக்கொண்டதில்லை, உனக்கே தெரியும். கட்டிவைத்த துணிப்பெட்டியைப் பிரிக்கவும் முடியவில்லை. அதை நிமிர்த்தி வைத்து, மேலே இசைத்தாள்களைப் பரப்பிவிட்டார்கள். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுதுவதுதான் முறை. நேரமில்லை அக்கா. ஜன்னல் பக்கம் யாருக்கு என்று கூடத்தில் சண்டை நடக்கிறது. நான் போய் உட்காராமல் ஆரம்பிக்க மாட்டார்களாம்.