தெற்கு எல்லை: காதணி

தென்காசியில் பொய் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பதினாலு மொழியில் பொய் சொன்ன ஆள் ஒருவர்தான். ஊரில் அவருக்குப் பெயரே 'பதினாலு'.

தாலுகா ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டு மனு எழுதுவது அவர் தொழில். தலைக்கு மேலே ஒரு பலகை. அரசியல் சட்டத்தில் சொன்ன பதினாலு மொழிகளிலும், வரிக்கு ஒரு மொழியாக, 'மனு எழுதித் தரப்படும்' என்று எழுதியிருப்பார். தமிழ் வரியை எங்களால் படிக்க முடிந்தது. மற்றதைப் படிக்கத் தெரிந்தவன் ஊரில் இல்லை. அந்தத் தைரியம்தான்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் வெளியூர்க்காரர்களிடம் போய் ஒட்டிக்கொள்வார். ஒருமுறை தலைப்பாகையும் தாடியுமாக ஒருவர் அருவிக்கு வழி கேட்க வந்தார். நம் ஆள் அவரை வாய் திறக்க விடாமல் பத்து நிமிஷம் 'பஞ்சாபி' பேசினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நமக்குத் திருநெல்வேலி டவுன்தான். அங்கன துணிக்கடை வச்சிருக்கேன். சும்மா தமிழ்லயே சொல்லும்" என்றார்.

"பாத்தியாலே, நான் பேசின பேச்சுல அவருக்குத் தமிழே வந்துட்டு!" என்று என்னிடம் பீற்றிக்கொண்டார்.

இந்த ஆளை நம்பித்தான் நான் கெட்டேன்.

ஐம்பத்தாறில் மொழிவாரியாக நாட்டைப் பிரித்தபோது, திருவிதாங்கூரோடு கிடந்த செங்கோட்டையைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். ஜனங்கள் தமிழ் பேசினார்கள். பத்திரங்களோ மலையாளத்தில் கிடந்தன. என் அம்மாவுக்கு அங்கே ஒரு வயல், அது ஒன்றுதான் எங்களுக்குச் சோறு. பக்கத்து நிலக்காரன் ஓடையைத் தாண்டி வந்து எங்கள் வயலில் பாதியை உழுதுவிட்டான். வழக்குப் போட்டோம். பத்திரத்தைத் தமிழில் எழுதித் தரும்படி பதினாலிடம் கொடுத்தேன்.

எழுதிக் கொடுத்தார். அதை எதிர்க்கட்சி வக்கீல் கோர்ட்டில் உரக்கப் படித்தார்: "தெற்கு எல்லை, காதணி."

மலையாளத்தில் 'தோடு' என்றால் ஓடை. நம் பண்டிதர் அதைக் காதில் மாட்டிவிட்டார்.

"தோடுதான் எல்லைன்னா, அந்த அம்மா குத்தாலத்துக்குக் குளிக்கப் போனா எல்லையும் கூடவே போகுமா?" என்றார் வக்கீல். கோர்ட்டே சிரித்தது. அப்பா இறந்த பிறகு அம்மா தோடு போட்டதில்லை. முந்தானையை இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். வழக்கு வாய்தா போனது.

நேராகப் போய்ப் பதினாலின் சட்டையைப் பிடித்தேன். "வேய், உமக்கு மலையாளம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்லே. இது பழைய மலையாளம். அதுல காதணிதான்."

"எங்கம்மா காதை மூடிக்கிட்டு வெளிய வந்தா வே."

மறுநாளிலிருந்து மேஜையில் ஆளையே காணோம். ஓடிவிட்டான் கிழவன் என்று ஊரெல்லாம் ஏசினேன்.

இரண்டு மாதம் கழித்து, குற்றாலத்தில் மலையாளியான புனலூர்க்காரர் ஒருவருடைய டீக்கடையில் கண்டுபிடித்தேன். ஐம்பது வயது ஆள், டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிலேட்டு. கடைக்காரர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்: "அய்யோ! இது 'த' அல்ல, 'ந' ஆணு!"

என்னைப் பார்த்ததும் சிலேட்டை வேட்டிக்குள் சொருகிக்கொண்டு சொன்னார்: "இவனுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கேன்லே."

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் பத்திரம் முழுவதையும் புதிதாக எழுதிக் கொண்டுவந்தார். தெற்கே ஓடை, ஓடையின் வடகரை வரை வயல். ஒரு சொல்லிலும் பிழை இல்லை என்று புனலூர்க்காரர் பார்த்துச் சொன்னார். வயல் எங்களுக்கே ஆனது. அம்மா அவருக்கு ஒரு வாழைத்தார் கொடுத்தனுப்பினாள். "என் மலையாளம் அப்பவும் சரிதான்னு சொல்லு" என்று பதில் சொல்லியனுப்பினார். திமிர்.

அறுபத்தைந்தில் இந்தியை அழிக்கத் தார்ச்சட்டியோடு மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் இந்திப் பரீட்சை எழுதியவன். பலகையை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏலே, இதுல இந்தியே இல்லலே. மேல கோட்டைப் போட்டு முறுக்குப் பிழிஞ்சு வச்சிருக்கான்!"

செங்கோட்டைக்காரன் ஒருவன் ஏழாவது வரியைக் காட்டினான். "இது மட்டும் நெசமான எழுத்து. மலையாளம். புதுசா எழுதியிருக்கு."

"எல்லாத்தையும் அழிலே" என்றான் ஒருவன். பதினாலு மேஜையைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றார். அன்றுதான் அவரை அப்படிப் பார்த்தேன்.

"ஏழாவது வரியில ஒரு சொட்டு விழுந்துச்சு, கையை முறிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு ஏணியை நானே பிடித்துக்கொண்டேன்.

பலகையில் தமிழும் மலையாளமும் மிஞ்சின. மறுநாள் டீக்கடையில் ஒருத்தன் அவரை 'ரெண்டு' என்று கூப்பிட்டான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். எங்கள் வீட்டுக்கு அவர் பதினாலுதான்.