அசைந்தால் மட்டும் பதியும்

கடலூர் மாவட்டத்திலேயே தன் கண்ணைவிடக் கேமராவை அதிகம் நம்பியவர் ரீவைண்ட் மாமாதான். அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜின் மேனேஜர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம்.

2011இல் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் அங்கே கேமராக்களை மாட்டினேன். படங்களைப் பதியும் ரெக்கார்டரை இரும்பு ரேக்கில் வைத்துத் திருகினேன். மூன்று விஷயங்கள் சொல்லிவிட்டு வந்தேன்: தண்ணீர் படக்கூடாது, சுவிட்சை அணைக்கக்கூடாது, மேலே எதையும் வைக்கக்கூடாது. மறுவாரம் போனால் ரெக்கார்டர் துண்டு போர்த்தியிருந்தது. காற்றுத் துளைகளில் குங்குமம்.

"தூசி படும்ல பாப்பா."

"சூடாயிடும் மாமா. அதான் பீப் அடிக்குது."

"அப்டியா? பசிக்குதோன்னு நெனச்சேன்."

மாணவர்களின் எந்தத் தகராறுக்கும் அவரிடம் ஒரே தீர்ப்பு: "ரீவைண்ட் பண்ணுடா!" ஒருநாள் தன் வாழைப்பழத்தைத் திருடியவனைப் பிடிக்க லாட்ஜையே உட்காரவைத்துப் படம் ஓட்டினார். திரையில் அவரே வந்தார், உரித்தார், தின்றார். கூட்டம் கைதட்டியது.

"ஆளு என்னைய மாதிரியே இருக்கான்," என்றார் மாமா, அசராமல்.

அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்திருந்தேன். ஆனால் மாமாவின் மேஜைக்குப் பின்னால் தொங்கிய காலண்டர், ஃபேன் காற்றில் நாள் முழுக்கப் படபடத்து டிஸ்க்கை நிரப்பியது. காலண்டரைக் கழற்றச் சொன்னேன். சாமி படம் போட்டது, கழற்ற மாட்டாராம்.

"எம் பக்கத்த வுட்டுடு பாப்பா. வாசல மட்டும் பாக்கட்டும். நான் எங்க போவப்போறேன்?"

சரியென்று, மேஜையைச் சுற்றித் திரையில் ஒரு கட்டம் போட்டேன். அதற்குள் நடக்கும் அசைவை ரெக்கார்டர் கணக்கில் எடுக்காது.

பரீட்சை முடிந்து பையன்கள் ஊருக்குப் போனார்கள். லீவு முடியும் சமயம் திட்டக்குடியிலிருந்து முதலாளி வந்தார், ரெக்கார்டரைப் பார்த்தார். லீவு நாட்களில் ஒன்றுமே பதிவானதாகத் தெரியவில்லை.

"யோவ், லீவு பூரா எங்கய்யா போயிருந்த? சாவிய வச்சிட்டுக் கெளம்பு."

மாமாவுக்கு லாட்ஜை விட்டால் வேறு வீடு கிடையாது. மேஜைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் சமையலும் தூக்கமும்; கடைக்குப் போவதும் அதன் பின்கதவு வழியாகத்தான். எனக்குப் போன் செய்தவர் கேட்டது ஒன்றுதான்.

"பாப்பா, நான் இங்கதான இருந்தேன்?"

அவர் அங்கே இல்லை என்று ரெக்கார்டரே சொன்னதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த பஸ்ஸில் போனேன். காலி லாட்ஜில் எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பதிவு நேரத்தைக் காட்டும் பட்டையை முதலாளி முன்னால் பெரிதாக்கினேன். வெறுமைக்கு நடுவே நூல் போலச் சில கோடுகள். ஒன்றைத் திறந்தேன். வாசலில் ஒரு நாய் நுழைந்தது. அது அசைந்ததால் முழுப் படமும் பதிவாகியிருந்தது: மேஜையில் மாமா, சலவைச் சட்டையில், பன்னைப் பிய்த்துப் போட்டபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கோட்டில் அதே நாய், வேறு சட்டை. அதற்கடுத்த நாளும் அப்படியே. சத்தம் பதியாது, வாய் மட்டும் அசைந்தது. நாய் வெளியே போனதும் படம் நின்றுவிடும், மாமாவும் காணாமல் போய்விடுவார்.

முதலாளி சாவியை மாமா பக்கம் நகர்த்தினார். "நாய்கிட்ட என்னய்யா அவ்ளோ பேச்சு?"

"பசங்க எப்ப வருவானுவன்னு கேட்டுச்சு மொதலாளி."

கிளம்பும் முன் நான் அந்தக் கட்டத்தை அழித்தேன். மாமா பதறினார்.

"ஐயோ, காலண்டரு ஆடி ஆடி டிஸ்க்கு ரொம்பிடுமே பாப்பா!"

"ரொம்பட்டும் மாமா," என்றேன்.