தலைநகரத்தில் நாங்கள் ஒட்டிய இழைகள்

அனுமதி இலவசம் என்று எழுதி வைத்திருக்கும் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நான் இப்போதெல்லாம் நுழைவதில்லை. டிக்கெட் வாங்கிப் போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் நாலு வார்த்தை சண்டையாவது போடலாம். ஓசியில் போனவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாது. டெல்லியில் ஒரு கலைக்கூடத்தின் நடுவில் என்னையும் அம்மாவையும் திருடிகள் மாதிரி நிற்கவைத்து விசாரித்தபோது இதைத் தெரிந்துகொண்டேன். தப்பு எங்கள் மேல் இல்லை. இருந்தாலும் கொஞ்சம்தான். (அதுவும் முக்கால்வாசி அம்மா மேல்.)

என் தங்கை வனிதாவுக்குச் செய்யாறிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் தினகரன். டெல்லியில் ஓவியம், சிற்பமெல்லாம் வைத்திருக்கும் ஒரு கலைக்கூடத்தில் வேலை, ஒரு கூடம் முழுக்க அவர் பொறுப்பு. உள்ளே போகக் கட்டணம் இல்லை என்று அவர் போனில் பெருமையாகச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

"ஓசில பாக்க உடறாங்களாம். அப்போ இவனுக்குச் சம்பளம் எவன் குடுப்பான்? எங்கனா கேட்டுக்கிறியா இந்த மாதிரி?" என்றாள் அம்மா. நேரில் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கூடப் போக மூத்த மகள் நான் அகப்பட்டேன்.

கிளம்பும்போது வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு இவருதான் வேணும். அம்மா அங்க ஏதாச்சும் பேஜார் பண்ணாம பாத்துக்கோ. உன்ன நம்பித்தான் அனுப்பறேன்" என்றாள். நான் இருக்கும்போது என்ன கவலை என்று சொன்னேன். அப்போது எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது என்ற நினைப்பில் இருந்தேன்.

தலைநகரத்தில் எவ்வளவு பெரிய சங்கதியெல்லாம் இலவசம் என்று காட்ட, தினகரன் காலையிலேயே எங்களை ஊர்வலமாக அழைத்துப் போனார். முதல் மியூசியத்தின் வாசலிலேயே எங்கள் புளிச்சோற்று டப்பாவைப் பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டு ஒரு டோக்கனைக் கொடுத்தார்கள். உள்ளே கற்சிலைகள். தலை இருந்தால் கை இல்லை, கை இருந்தால் மூக்கு இல்லை. "இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு முழுசான சாமி கெடைக்கலையா?" என்று அம்மா சத்தமாகவே கேட்டாள். அடுத்த இடத்தில், கால் வலிக்கிறது என்று ஒரு நாற்காலியில் உட்காரப் போனாள். காவலர் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். அது யாரோ ஒரு ராஜாவுடைய நாற்காலியாம். உட்கார நாற்காலி கிடையாது, இருக்கிற நாற்காலியில் உட்காரவும் கூடாது, பசித்தால் சொந்தச் சோற்றைத் தின்னவும் கூடாது. இதற்குப் பெயர் இலவசமாம்!

மத்தியானத்துக்கு மேல் தினகரனுடைய கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். அவர் தன் கூடத்தில் எங்களை நிறுத்திவிட்டு, "ரெண்டு நிமிஷம் இருங்க, எங்க மேடத்தைக் கூட்டிகினு வந்துடறேன்" என்று போனார். 'எதையும் தொடாதீங்க' என்றும் சொல்லிவிட்டுப் போனதாக இன்றுவரை சாதிக்கிறார். சொல்லவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன், சொல்லவில்லை.

கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை சிவப்புப் பட்டு இழைகளை, தறியில் ஓடும் பாவு மாதிரி நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய கொத்து அறுந்து, இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, நல்ல பட்டாச்சே! எவன்டி இப்படி நாசம் பண்ணது?" என்றாள் அம்மா.

பட்டு நெய்கிற எங்கள் ஆரணிக்காரர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்கப் போனாலும், அங்கே தறியில் ஓர் இழை அறுந்திருப்பது கண்ணில் பட்டால், விரலில் துளி சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் முறுக்கி ஒட்டிவிட்டுத்தான் திரும்புவோம். பேச்சு பேச்சாக இருக்கும், கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். செய்யட்டுமா என்று கேட்கிற வழக்கமே கிடையாது.

எனக்கோ வேறு கவலை. இந்தக் கூடம் தினகரன் பொறுப்பு. மேடம் வந்துகொண்டிருக்கிறார். பாவு இந்த லட்சணத்தில் இருப்பதைப் பார்த்தால் அவர் வேலை என்ன ஆவது? வேலை போனால் வனிதா கதி? சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். 'தலைப்பு இல்லை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பெயர்கூட வைக்கவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

"அம்மா, ஜல்தி. நீ அந்தப் பக்கம் புடி" என்றேன்.

ஆமாம், முதலில் கை வைத்தது நான்தான். சாம்பலுக்கு எங்கே போவது? அம்மா சுருக்குப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தோம். தொட்டோம், முறுக்கினோம், அடுத்த இழைக்குப் போனோம். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. காலேஜ் பெண்கள் போனில் படம் பிடித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஒரு விரலை நீட்டி எங்களைத் தடுத்திருக்க வேண்டிய காவலரே படம் பிடித்துக்கொண்டிருந்தார்! கைதட்டினால் நான் என்னவென்று நினைப்பது? இன்னும் வேகமாக ஒட்டினேன்.

கைதட்டல் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தால் மேடம். பக்கத்தில் தினகரன், முகத்தில் ரத்தம் இல்லை.

அந்தப் பாவை அறுத்ததே அதைச் செய்த கலைஞர்தானாம். ஒவ்வோர் இழையாகத் தன் கையாலேயே பிய்த்தாராம். அந்தப் பிய்ந்த இடம்தான் கலையாம். எப்படியிருக்கிறது நியாயம்? நல்ல பட்டை நாசம் செய்தவர் கலைஞர், சரி செய்த நாங்கள் குற்றவாளிகள்!

"இவர்களை உனக்குத் தெரியுமா?" என்று மேடம் ஆங்கிலத்தில் தினகரனைக் கேட்டார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். நாங்கள் இன்னும் சம்மதம்கூடச் சொல்லவில்லை. வனிதாவின் கல்யாணம் என் கண்ணெதிரே, என் கையாலேயே முறிந்துபோவதைப் பார்த்துக்கொண்டு விபூதிக் கையோடு நின்றேன். தினகரன் எங்கள் பக்கம் வந்து நின்றார்.

"தெரியும் மேடம். இவங்க என் மாமியார்" என்றார்.

"இன்னாடி சொல்றான்?" என்று அம்மா என் இடுப்பில் இடித்தாள். சொன்னேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பிறகு அவள் அவரை அவன் இவன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஒட்டியதையெல்லாம் நீங்களே பிரித்துவிடுங்கள் என்றார் மேடம். அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "கல்யாணம் பேச வந்த எடத்துல நான் இழை அறுக்க மாட்டேன். நீயும் தொடாதடி." இதை மேடத்துக்கு ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாடு தனி. கடைசியில் தினகரன்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "அத்தே, நீங்க அந்தப் பக்கமா திரும்பிக்கோங்க" என்றார். அம்மா சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். ஒவ்வோர் இழை அறுகிற சத்தத்துக்கும் ஒரு 'சிவசிவா' சொன்னாள். அவள் போட்ட முறுக்கு ஒன்றுகூடப் பிரியவில்லை, பக்கத்தில்தான் அறுந்தது. அதற்கும் மேடம் என்னைத்தான் முறைத்தார்.

வெளியே வந்ததும் அம்மா வனிதாவுக்குப் போன் போட்டாள். "சம்பளம் எவன் குடுக்கறான்னு இன்னும் புரியலடி. ஆனா மாப்பிள்ளை தங்கம். தேதி பாக்கச் சொல்லிடு" என்றாள்.

தினகரனைக் கூடத்திலிருந்து தூக்கி, கலைக்கூட வாசலில் சோற்று டப்பா வாங்கி டோக்கன் கொடுக்கும் இடத்தில் கொஞ்ச காலம் உட்காரவைத்தார்கள். அங்கிருந்துதான் லீவு போட்டு ஆரணிக்கு வந்து தாலி கட்டினார். அதுவரை தடுப்பே இல்லாத அந்தக் கூடத்தில், எங்களுக்கு அப்புறம் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'அக்கா கயிறு' என்று பெயர். போன பொங்கலன்று தினகரன் அந்தக் கயிற்றைப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கயிற்றின் ஒரு முனை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

'அக்கா, எதையும் தொடாதீங்க' என்று கீழே எழுதியிருந்தார்.

பாருங்கள், இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறார்.