புளி போட்டுத் தேய்த்த டோக்கன்

பூஜை அலமாரியில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு அது பளபளத்தது. பத்மநாபன் கத்தினான்.

"ஷ்யாமளா! என் டோக்கனைப் புளி போட்டுத் தேய்ச்சியா?"

"என்னங்க, அது வந்து..."

"பேசாதே! வெள்ளிக்கிழமை வந்தா எதையும் விட்டு வைக்க மாட்டியே!"

ஷ்யாமளா கார் சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை அவளை முடிக்க விட்டிருக்கலாம். எந்தக் கணவன் விட்டிருக்கிறான்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பட்டாளத்தின் பின்னாலேயே போன வியாபாரிகள், சில்லறைக்குப் பதிலாகச் தங்கள் பெயரைப் பொறித்துச் சிப்பாய்களுக்குக் கொடுத்த செப்பு வில்லை அது. அந்த வியாபாரியின் கூடாரத்தில் மட்டும்தான் செல்லும். ஒரே கம்பெனியில் மட்டும் செல்லுபடியாகும் எச்-ஒன் விசாவில் நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்திருந்த பத்மநாபனுக்கு அதன்மேல் தனிப் பாசம். அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். காலத்தில் ஏறிய கறுப்புதான் அதற்கு மதிப்பு. அவன் அதைத் துணியால்கூடத் துடைத்ததில்லை.

வேகவைத்த முட்டையோடு மூடி வைத்தால் செம்பு கறுக்கும் என்று இன்டர்நெட்டில் யாரோ எழுதியிருந்தார். சைவ வீட்டில், பால் காய்ச்சும் பாத்திரத்தில், பத்மநாபன் முட்டை வேகவைத்தான். டோக்கன் கறுக்கவில்லை, தேமல் மாதிரி திட்டுத் திட்டாக ஆனது.

சரி, சூடு காட்டலாம் என்று இடுக்கியில் பிடித்து அடுப்பில் வாட்டினான். புகை அலாரம் அலறியது. தீயணைப்பு வண்டி வந்தது. மொத்த அபார்ட்மென்ட்டும் பைஜாமாவோடு புல்வெளியில் நின்றது.

"அடுப்பில் என்ன சார்?" என்று கேட்டார் தீயணைப்பு வீரர்.

"காசு," என்றான் பத்மநாபன்.

ஆறியபின் பார்த்தால், மேல்தோல் உரிந்து பாதி எழுத்தைக் காணோம். அவளிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் கோபம் முழுதாக இறங்கவில்லை.

இந்தப் பழங்காசுப் பைத்தியத்தை அவனுக்குப் பிடிக்க வைத்தவர் பக்கத்து ஊரான எடிசனில் இருந்த சந்தானம் அங்கிள். டாக்சி பிடித்து அவரிடமே ஓடினான்.

"அங்கிள், என் வொய்ஃப் பண்ணின வேலையைப் பாருங்க. புளியால தேய்ச்சுட்டா. ரிப்பேர் பண்ண முடியுமா?"

சந்தானம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு கறுத்த டோக்கனை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"உன்னோடது இதுப்பா, போன வாரம் நீ இங்கயே மறந்துட்டுப் போனது. நீ கொண்டு வந்தது வேற டோக்கன், இதுக்கு ஜோடியா இருக்கட்டும்னு நேத்து ஷ்யாமளா என்கிட்ட வாங்கி, சாமிகிட்ட வெச்சுட்டு உனக்குத் தரேன்னு எடுத்துட்டுப் போனது."