பன்னிரண்டாவது மறைவிடம்

"படிக்கிறான்," என்றாள் டார்லீன், பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி. "குனிஞ்சு நின்னு அந்த ஸ்டிக்கரத்தான் படிக்கிறான். ஒட்டாத ஒட்டாதன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

ஓரஸ்ட் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். எல்லைச் சாவடி அதிகாரி வண்டிக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த வாசகம் அவருக்கு மனப்பாடம். அச்சடித்ததே அவர்தான். 'இந்த வண்டியில் பன்னிரண்டு மறைவிடங்கள். கேளுங்கள், காட்டுகிறேன்!'

ஆண்டுதோறும் கனடாவின் சஸ்காட்செவனில் பனி விழத் தொடங்கியதும், பிக்கப் டிரக்கின் முதுகில் கேம்பரை ஏற்றிக்கொண்டு இருவரும் எல்லை தாண்டி அமெரிக்காவின் அரிசோனா பாலைவன முகாமுக்குக் கிளம்பிவிடுவார்கள். கேம்பர் என்பது அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய வீடு. செய்த கம்பெனிக்காரனுக்கே தெரியாத இடங்களை அதற்குள் ஓரஸ்ட் குடைந்து குடைந்து கண்டுபிடித்திருந்தார். போன கோடையில் கேம்பர் சங்கக் கூட்டத்தில் அவற்றைக் காட்டியபோது கைதட்டினார்கள். வேறு ஆளாக இருந்தால் கைதட்டலோடு வீட்டுக்குப் போயிருப்பான். ஓரஸ்ட் நேராக அச்சகத்துக்குப் போனார்.

இப்போது அந்தப் பன்னிரண்டாவது இடத்தில், குடலில் இறைச்சியை அடைத்து அவர் கையாலேயே புகை போட்ட எட்டு கிலோ பூண்டு சாசேஜ் இருந்தது. போன வருடம் முகாமின் முதல் விருந்தில் அவர் வைத்த கடைச் சாசேஜைக் கடித்துப் பார்த்த பக்கத்து வண்டி ஸ்டெஃப்கோ, "ஓரஸ்ட், இது சாசேஜா, தண்ணிக் கொழாயா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டிருந்தான். இந்த வருடம் எல்லோருக்கும் போன் போட்டுச் சவால் விட்டாயிற்று. வீட்டில் செய்த இறைச்சி இருப்பதைச் சொல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். சற்று முன் சாவடிச் சன்னலில் இருந்த பெண், "எறச்சி, பழம், ஆயுதம் ஏதாவது?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லம்மா," என்று பச்சைப்பொய் சொல்லியிருந்தார். அவள் இருவர் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

பிடிபட்டால் சாசேஜ் மட்டும் போகாது. திருப்பி அனுப்பிவிட்டால் குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலில் பனி அள்ள வேண்டும். ஓரஸ்டின் இடுப்பு இப்போதே வலித்தது.

அதிகாரி வண்டியின் சன்னலருகே வந்தார். சட்டையில் 'ஹாகன்' என்று பெயர். "சார், பன்னெண்டு மறைவெடமா?"

"அது சும்மா, வெளையாட்டுக்கு."

"கேட்டா காட்டுறதா எழுதியிருக்கீங்க. கேக்குறேன்."

பின்கதவைத் திறக்கப் போகும்போது ஓரஸ்ட் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "மொதப் பதினொண்ண இழுத்து இழுத்துக் காட்டுறேன். பன்னெண்டு வர்றதுக்குள்ள சலிச்சுப்போயி விட்ருவான்."

"சலிக்க வைக்கிற விஷயத்துல உன்ன நம்பலாம்," என்றாள் டார்லீன்.

முதலில் வாசற்படியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நான்கு ஜோடி செருப்பு. ஹாகன் சலித்துப்போகவில்லை. பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, நீளத்தையும் ஆழத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"இந்தக் கீல் எங்க வாங்குனீங்க?"

ஓரஸ்ட் உஷாரானார். சம்பந்தமில்லாமல் கேட்டு ஆளைக் குழப்பி உண்மையைக் கறக்கிற பழைய தந்திரம்! கடைசி இழுப்பறைக்கு அடியில் தட்டுகள், கண்ணாடிக்குப் பின்னால் மருந்துகள், படுக்கைப் பலகைக்குக் கீழே கோட்டுகள் என்று ஒவ்வொன்றாகத் திறந்தார். வெளியே எடுத்ததையெல்லாம் வைக்க வேறு இடமில்லாததால் உள்ளே உட்கார்ந்திருந்த டார்லீனின் மடியில் அடுக்கினார். ஏழாவது இடம் வந்தபோது அவளுடைய நெற்றி மட்டுமே தெரிந்தது.

வெளியே நாய் குரைத்தது.

பன்னிரண்டாவது இடம், டிரக் தொட்டியின் பக்கச் சுவருக்கும் கேம்பருக்கும் நடுவே இருந்த சந்து. வெளியிலிருந்துதான் அதற்குள் கைவிட முடியும். ஓரஸ்ட் சட்டென்று குரலை உயர்த்தினார். "பாருங்க சார், எட்டாவது! இதுல ஒரு சூட்சுமம் இருக்கு! பலகைய மொதல்ல எடது பக்கம் தள்ளணும்!"

நாய் இன்னும் பலமாகக் குரைத்தது. ஓரஸ்ட் அதைவிடப் பலமாகப் பலகையைப் பற்றிப் பேசினார். கடைசியில் நாய்தான் அடங்கியது. அவர் டார்லீனின் நெற்றியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பதினொன்றும் முடிந்தன.

"பன்னெண்டாவது?" என்றார் ஹாகன், பென்சிலை நக்கிக்கொண்டு.

"அது... இதோ." ஓரஸ்ட் கைக்கு எட்டிய கதவைத் திறந்தார்.

"இது அடுப்பு சார்."

"உள்ள ஏதாவது வைக்கலாமில்ல?"

ஹாகன் அதை எழுதிக்கொள்ளவில்லை. வேறு வழி தெரியாமல் ஓரஸ்ட் அடுப்புக்கு மேலிருந்த பலகையை அர்த்தத்தோடு தட்டுவதுபோல் தட்டினார். பலகை கழன்று கையோடு வந்தது. உள்ளே ஒரு முழ ஆழத்துக்குப் பொந்து! ஆறு வருடமாக அந்த வண்டியை அங்குலம் அங்குலமாகத் தடவிய மனிதர் துள்ளிக் குதித்தார்.

"டார்லீன்! பதிமூணாவது!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஹாகன் புருவத்தை உயர்த்தினார்.

"எண்ணுறதுல நான் கொஞ்சம் வீக்கு," என்று முனகியபடி ஓரஸ்ட் பொந்துக்குள் கைவிட்டார். ஒரு தகர டப்பா வந்தது. நிறைய சாக்லேட் பிஸ்கட்.

"அது என்னோடது," என்றது துணிக் குவியல்.

"எத்தன நாளா?"

"வண்டி வாங்குனதுலேர்ந்து. உனக்குச் சர்க்கர இருக்குல்ல? கண்ணுல பட்டா விடுவியா நீ?"

"இத எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று ஹாகன் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"தட்டுனேன், தெறந்துச்சு."

அதைத்தான் அவர் எல்லாவற்றையும்விட நீளமாக எழுதிக்கொண்டார். கைதட்டல், ஸ்டிக்கர் எல்லாம் ஓரஸ்டின் நினைவுக்கு வந்து அவரைப் பார்த்துச் சிரித்தன. மண்டைக்குள் அவ்வளவு காலியிடம் இருந்தும் இது அவருக்குத் தோன்றவில்லையே!

ஹாகன் நோட்டை மூடினார். "ரொம்ப நன்றி சார். நீங்க கெளம்பலாம்."

சாமான்களைத் திணிப்பதற்கு அரைமணி ஆயிற்று. வண்டியைச் சாவடிச் சன்னலுக்கு நகர்த்தும்போது ஓரஸ்டின் அவமானமெல்லாம் பறந்துவிட்டது. "பாத்தியா? ஒரு மணி நேரம் சோதிச்சான். பன்னெண்டாவது மேல கைய வச்சானா? ஸ்டெஃப்கோ இந்தத் தடவ வாயப் பொளக்கப் போறான்!"

"ஆமா ஆமா, பெரிய ஆளுதான்," என்றாள் டார்லீன். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சன்னலில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளோடு ஒரு தாளையும் நீட்டினாள். "இது சாசேஜுக்கு ரசீது, எட்டு கிலோ. நீங்க உள்ள போன கொஞ்ச நேரத்துலயே நாய் கண்டுபிடிச்சிருச்சு. எடுத்தாச்சு. அபராதம் மட்டும் வேணாம்னு ஹாகன் சொல்லிட்டாரு."

ஓரஸ்ட் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பவே கெடச்சிருச்சுன்னா, அப்புறம் எதுக்கு ஒரு மணி நேரம் அளந்து அளந்து எழுதுனாரு?"

"அவரா? போன வாரம் இதே மாடல் கேம்பரத்தான் வாங்கியிருக்காரு சார். சாமான் வைக்க எடமே இல்லன்னு வீட்டம்மா தெனமும் சண்டையாம்."