அறிக்கையை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை

அன்பும் மரியாதையும் கலந்த சித்தப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகமாகத்தான் இருந்தேன், போன திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு கூரையைச் சோதிக்க அந்தக் கட்டடப் பொறியாளர் நூலகத்துக்குள் நுழையும் வரை. அன்றைக்கு ஏறிய படபடப்பு இன்னும் இறங்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமை அலுவலகத்தில் பார்சல் கட்டும் அறையில் பதினோரு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்கு நீங்கள் நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த பொறுப்பு இந்த நூலகம். முதல் முதலாகக் கைவைத்த நாற்காலி கிடைத்ததும் இங்கேதான். வந்த அன்றே பதினான்கு விதிகள் எழுதி வாசலில் மாட்டினேன். சத்தம் கூடாது, செருப்பு வெளியே, குடை வெளியே, கைப்பேசி கூடவே கூடாது. பிறகு மழை வந்து கூரை ஒழுகியது, நடு மேசையில் ஒரு வாளி வைத்தேன், அது சொட்டுகிற சத்தம் முதல் விதிக்கு விரோதம் என்று தினமும் நாளிதழ் படிக்க வருகிற ஒரு பெரியவர் எழுதியே கொடுத்துவிட்டார். நியாயம்தானே, விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று வாளிக்குள் ஒரு பழைய துண்டைப் போட்டேன், அதுவும் வாயை மூடிக்கொண்டது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே பெரியவர் பதினோரு மணி ஆனால் நாளிதழை முகத்தில் போர்த்திக்கொண்டு குறட்டை விடுவார். தூங்கக் கூடாது என்பது பத்தாவது விதி. அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு மனு எழுதி இதோடு இணைத்திருக்கிறேன்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடத்துக்குள் அந்த மனுஷன் ஒரு சுத்தியலோடு வந்தார் சித்தப்பா. நூலகத்துக்குள் சுத்தியல்! பூட்ஸைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். வெறுங்காலோடு ஏணியில் ஏறி, வேறு இடமே இல்லாத மாதிரி என் நாற்காலிக்கு நேர் மேலே டங் டங்கென்று தட்டினார். படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் கூட விழித்துக்கொண்டு, ரூல் போட்டது நீங்கதானேம்மா என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உடனே சுத்தியலுக்குத் துணி சுற்றிக் கொடுத்தேன். அதற்கு அவர் ஏணியில் நின்றபடியே, "மேடம், தட்டுற சத்தத்துலதானே பூச்சு உள்ள விட்டுப்போய்ப் பொள்ளலா இருக்கான்னு தெரியும்? துணி சுத்தினா எனக்கு என்ன கேக்கும்?" என்றார். விதி உங்களுக்கும் சேர்த்துத்தான் சார் என்றேன். வாசகர்கள் சத்தமில்லாமல் தலையாட்டினார்கள்.

அதோடு தொலைந்தார் என்று பார்த்தால், வியாழக்கிழமை மறுபடியும் வந்தார். கையாலேயே எழுதி, படம் போட்டு, புத்தகம் மாதிரி அட்டை கட்டிய முப்பத்தோரு பக்க அறிக்கை. பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பார்த்து மேசை நிறையப் புதிய புத்தகங்கள். முதல் பக்கத்தில் ஒரு முத்திரை, பதினேழாம் பக்கத்தில் ஒரு முத்திரை, பதிவேட்டில் ஒரு எண் என்று என் கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவருடைய அறிக்கையும் அந்த ஓட்டத்தில் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் 'கட்டடத்தை உடனே பூட்ட வேண்டும்' என்று எழுதியிருந்ததை நான் பார்த்தது முத்திரை குத்தியதற்கு முன்னாலா பின்னாலா என்று யாராவது கேட்டால், எனக்கு நினைவில்லை. டீ குடித்துவிட்டு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதிவேட்டில் ஏறியதை அடிக்க முடியாது, அலமாரியில் குறிப்புதவிப் பிரிவுக்குப் போனதை வெளியே கொண்டுபோக முடியாது. இங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், அவ்வளவுதான். மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே! கைப்பேசியில் படம் எடுக்கப் போனார், அதுவும் கூடாதே. அன்றிலிருந்து தினமும் வந்து, பெரியவருக்குப் பக்கத்து இருக்கையில், பேனாவுக்கும் அனுமதி இல்லாததால் பென்சிலால், தான் எழுதியதைத் தானே பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். இப்போது இருபத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறார். நாளைக்கு முடித்துவிடுவார்.

சித்தப்பா, கட்டடத்தைப் பூட்டினால் என்னைத் திரும்ப அந்த ஸ்டூலுக்குத்தான் அனுப்புவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் அறிக்கை உங்கள் மேசைக்குத்தானே வரும்? வந்ததும் அடுக்கின் அடியில் தள்ளிவிடுங்கள். நான் ஓய்வு பெறும் வரை அங்கேயே கிடந்தால் போதும், இன்னும் ஏழே வருஷம்தான். இவ்வளவு வருஷம் நின்ற கூரை ஏழு வருஷம் நிற்காதா?

சித்திக்கு என் நமஸ்காரம். தம்பிக்கு என் ஆசிகள், அவன் நூலகப் புத்தகத்தில் கோடு போடாமல் படித்து நன்றாக வரட்டும்.

என்றும் உங்கள் நிழலில்,
அண்ணன் மகள்

பி.கு.: தாளில் இருக்கும் வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டுப் படியுங்கள். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் பெரியவரின் குறட்டை. மனுவில் அவருடைய உறுப்பினர் எண் விட்டுப்போயிருந்தது, அதையும் கேட்டு நாலு வார்த்தையும் கேட்கலாம் என்று கடிதத்தையும் மனுவையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். பத்து அடி கூட நடந்திருக்க மாட்டேன். பின்னால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் தூசி. என் நாற்காலி இருந்த இடத்தில் கூரைப் பூச்சு ஒரு கதவு அளவுக்கு விழுந்து கிடக்கிறது, நாற்காலியைக் காணோம். முதல் விதியை மீறி அலறியது நான்தான். பொறியாளர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "இப்பவாவது அதை எடுத்துட்டுப் போகலாமா மேடம்?" என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதிவேட்டில் ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். அறிக்கையை அவரே கொண்டுவருகிறார். அடுக்கின் மேலே வையுங்கள் சித்தப்பா, எல்லாவற்றுக்கும் மேலே. மனுவைக் கிழித்துவிட்டேன். கதவைப் பூட்டிச் சாவியையும் பொறியாளரிடமே கொடுத்துவிட்டேன். பெரியவர் வாசல் படியில் சாய்ந்து மறுபடியும் தூங்கிவிட்டார். அவர் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் இதை எழுதுகிறேன்.