மணலில் ஓடிய படகு

பனி ஒருநாளும் முழுதாய்க் கலையாத ஓர் ஏரி. அதன் கரையில் இருந்த நாட்டுக்கு வெண்டுறை என்று பெயர். அங்கே படகுகள் தண்ணீரில் போகின்றனவா, மேகத்தில் போகின்றனவா என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஏரி நடுவிலிருந்த தீவுக்கு அரசாங்க அரிசிப் படகை விட்டால் வேறு கதியில்லை. அதில் சுக்கான் பிடித்தவள் குமுதவல்லி. அவள் மகளைக் கட்டிக்கொடுத்திருந்ததும் அந்தத் தீவில்தான்.

குமுதவல்லி குதிகாலால் பலகையைத் தட்டுவாள். துடுப்புகள் ஒன்றாக எழும். எந்தப் பனியிலும் படகு பாறையில் மோதியதில்லை. அரசர் அவளுக்குப் பட்டம் கொடுக்க நினைத்தார். கெட்டது அங்கேதான்.

"இது இவளுடைய திறமையா, துடுப்புக்காரர்களுடைய திறமையா, கற்றுக்கொடுத்த ஆசானுடைய திறமையா?" என்றார் தராதர அமைச்சர். "பிரித்துப் பார்க்காமல் புகழ்வது அரச நீதிக்கு அழகன்று."

அவை தலையாட்டியது. குமுதவல்லிக்கும் உள்ளுக்குள் ஆசைதான். தன் பங்கு எவ்வளவு என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் என்ன? ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

முதல் ஆணையில் துடுப்புக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தீவில் கஞ்சி நீர்த்தது. அடுத்த ஆணைப்படி, ஆசான் கற்றுத்தந்ததை மறந்துவிட்டதாக அவள் சத்தியம் செய்தாள். காற்று உதவுகிறது என்று படகின் பாயையும் கழற்றிவிட்டார்கள். முறை நன்றாயிருக்கவே, அது நாடெங்கும் பரவியது. உழவர்களை மழையில்லாமலும் வாத்தியார்களை மாணவரில்லாமலும் அளந்தார்கள். கரையிலும் அடுப்புகள் அணைந்தன.

ஒருநாள் அமைச்சர் ஏரியை உற்றுப் பார்த்தார். "தண்ணீரும் கொஞ்சம் உதவுகிறதே" என்றார். படகை மணல்மேட்டில் ஏற்றினார்கள்.

"ஐயா, தீவுல அடுப்பெரிஞ்சு நாளாச்சுங்க" என்றாள் குமுதவல்லி. "எம் பொண்ணு பிள்ளத்தாச்சி. துடுப்புக்காரங்கள கூட்டிக்கிட்டு அரிசிய மட்டும் போட்டுட்டு வந்துடறோம்."

"அளவு கெட்டுவிடும், அம்மணி. இப்போதுதான் நீ தெளிவாகத் தெரிகிறாய். படகு சாயவில்லை, மோதவில்லை, ஒருவரும் மூழ்கவில்லை. இத்தனை குறையற்ற சுக்கான் பிடிப்பை இந்த நாடு கண்டதில்லை."

பட்டுப் போர்த்திவிட்டுப் போனார்கள். பனிக்குள் தனியே உட்கார்ந்து அவள் குதிகாலால் பலகையைத் தட்டினாள். ஒரு துடுப்பும் எழவில்லை. மகள் பட்டினி கிடக்கத் தன் பங்கைத் தேடியதை நினைத்து வெட்கப்பட்டாள், அழுதாள். பிறகு பட்டுச் சால்வையை மடித்து வைத்துவிட்டுத் துடுப்புக்காரர்களின் தெருவுக்கு நடந்தாள்.

விடியலில் படகு தோள்களில் ஏறித் தண்ணீருக்கு வந்தது. அரிசி மூட்டைகள் ஏறின. ஆட்களும் ஏறினார்கள். இருந்த ஓடம், பரிசல் எல்லாவற்றிலும் ஊரே பின்தொடர்ந்தது. குமுதவல்லி பலகையைத் தட்டினாள்; துடுப்புகள் எழுந்தன. யாருடைய திறமை என்று அவள் கேட்கவில்லை.

"எல்லாரும் போய்விட்டார்களே" என்றார் அரசர், கரையில் நின்று.

அமைச்சரின் முகம் மலர்ந்தது. "இப்போதுதான் மன்னா, தங்கள் தனித்திறனை அளக்க முடியும்."

அளந்தார்கள். அந்த ஆண்டு வெண்டுறையில் பட்டினி என்று ஒரு குரல் எழவில்லை. அரசரை எதிர்த்தவரும் இல்லை. ஈடிணையற்ற ஆட்சி என்று தீர்ப்பாகி, அரசருக்குப் பட்டமும் சூட்டியாயிற்று. கைதட்டத்தான் ஆள் வேண்டியிருந்தது, அமைச்சரே தட்டினார்.